பதினோரு டாக்டர், ஒரே உடம்பு

போன வாரம் நஜ்முன்னிசாவை அடுப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். மகன் போனை வைத்து ரொம்ப நேரமாகியும் அவள் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். நவி மும்பை சான்பாடாவிலிருந்து அம்மார் சொன்னது ஒரே வரிதான்: "பெருநாளைக்கு நான் வரலம்மா."

பெருநாளுக்கு இன்னும் முழுசாக இரண்டு மாதம் இருக்கிறது. இப்போதே வரமாட்டேன் என்கிறவனை என்ன செய்வது? ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. காரணம் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில், அவள் புருஷன் ஷாகுல் ஹமீதின் பிரிண்டிங் கடை முகப்பில் பத்தடி நீளத்துக்குத் தொங்குகிறது.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மார் எட்டாவது படிக்கும்போது அறிவியலில் முதல் மார்க் வாங்கினான். பெற்றவருக்குத் தலைகால் புரியவில்லை. மகன் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒரு டாக்டர் உடம்பின் மேல் ஒட்டினார். வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், கையில் பெரிய வாட்ச். கீழே 'டாக்டர் அம்மார், எம்.பி.பி.எஸ்.' என்று ஃப்ளெக்ஸ் அடித்து, ஊரறியக் கடை முகப்பில் மாட்டிவிட்டார். விளம்பரத்துக்கு விளம்பரம், ஆசைக்கு ஆசை.

அன்றிலிருந்து ரோட்டில் அவனுக்கு டாக்டர் என்றே பெயர். "டாக்டரே, சளிக்கு டீ குடிக்கலாமா?" என்பார் எதிர்க்கடை பூலோகம். பதினாலு வயதுப் பையன் வெட்கப்பட்டுச் சிரிப்பான். பிறகு நீட் பரீட்சை வந்தது. ஒரு தரம் தவறியது, மறு தரமும் தவறியது. பூலோகம் மட்டும் கேள்வியை மாற்றவில்லை. பையன்தான் சிரிப்பதை நிறுத்தினான். நாலு மாதத்துக்கு முன்னால் ஏசி மெக்கானிக் வேலை என்று சான்பாடா போனவன், இந்த ரோட்டில் திரும்பக் கால் வைக்கவில்லை. அத்தாவோடு பேச்சும் இல்லை.

இனி இந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

அம்மாரின் தங்கை பரீஹா இப்போது எட்டாவது. அவள் வகுப்பில் இன்று 'விஷன் போர்டு' நாள். பிள்ளைகள் தங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்து, படம் படமாக ஓர் அட்டையில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். அதைத் தினமும் பார்த்துப் பார்த்து அதற்காக உழைக்க வேண்டும். பெற்றவர்களும் வந்து கேட்க வேண்டும். செம்பூரிலிருந்து வரும் வகுப்பு டீச்சர் பானுமதியின் ஏற்பாடு இது.

ஏற்பாடு அவருடையது, யோகம் ஷாகுல் ஹமீதுக்கு. ஒரு வாரமாகக் கடையில் கூட்டம். "பாய், எம்புள்ளைக்கு ஒரு போர்டு" என்று தாய் தகப்பன்மார் வந்து நின்றார்கள். "விடுங்க, அஞ்சு நிமிசம்" என்று அவரும் முகத்தைப் படம் எடுத்து உடம்பில் ஒட்டித் தள்ளினார். டாக்டருக்கு ஓர் உடம்பு, போலீசுக்கு ஒன்று, பைலட்டுக்கு ஒன்று வைத்திருந்தார். கலெக்டருக்குத் தனி உடம்பு கிடையாது. போலீஸ்காரரின் தொப்பியை எடுத்துவிட்டு, சட்டைக்கு வேறு நிறம் கொடுத்தால் கலெக்டர்.

வராத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். அது அவர் பெற்றது.

"கடையில அவ்வளவு பெரிய மிஷின வச்சிருக்கேன், நீ மாட்டுங்கா போயி பசை வாங்கிட்டு வந்தியாமே?" என்றார் காலையில், தோசையைப் பிய்த்துக்கொண்டே. கடைக்குப் பின்னால்தான் வீடு. மிஷின் ஓடினால் தட்டு அதிரும்.

பரீஹா தலையைத் தூக்கவில்லை. அவளுடைய போர்டு பழைய போர்வையில் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"காட்டேன், அத்தா பாக்கேன்."

"ஸ்கூல்ல பாருங்கத்தா."

"நான் வேணா அஞ்சு நிமிசத்துல..."

"ரெஹ்னே தோ அத்தா, விட்டுருங்க. ப்ளீஸ்." கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் அவளுக்கு இந்திதான் வரும். இது கோபமா, பயமா என்று அவருக்குப் புரியவில்லை.

நஜ்முன்னிசா தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவள விடுங்க. ஒருத்தன் பட்டது போதும்."

"நான் என்ன பட வச்சேன்? புள்ள நல்லாருக்கணும்னு ஆசப்பட்டது குத்தமா?"

"ஆசப்பட்டது குத்தமில்ல. அவன் ஏழு வயசுல மிக்ஸியப் பிரிச்சிக் கோத்தவன். ஸ்க்ரூடிரைவர எடுத்தா, டாக்டர் கையில இது எதுக்குலன்னு நீங்கதான் புடுங்கி வச்சிய." அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லுததுக்கே நாம இன்ஷா அல்லாஹ்ங்கோம். புள்ளய டாக்டர்னு ரோட்டுல எழுதி மாட்டுனியளே, அதுக்கு ஒரு இன்ஷா அல்லாஹ் போட்டியளா?"

ஷாகுல் ஹமீது எழுந்து கையைக் கழுவினார். கடைசித் தோசை தட்டிலேயே கிடந்தது.

வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். பிள்ளைகள் நடுவில், பெற்றவர்கள் சுற்றிலும். பானுமதி டீச்சர் ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"இன்னைக்கு அப்பா அம்மா வாயைத் திறந்தா கேள்வி மட்டும்தான் வரணும். பதில் பிள்ளைங்க சொல்லட்டும். 'எம்பொண்ணு இப்படி ஆவா' அப்படின்னு யாரும் சொல்லக் கூடாது. 'நீ என்ன செய்யப் போற'ன்னு வேணா கேளுங்க."

இது என்ன புதுசா இருக்கே என்று ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. இட்லிக் கடை இசக்கிராஜ் ஷாகுல் ஹமீதின் காதில், "பாய், நாம பேசாம இருக்கதுக்காடே கடைய அடைச்சிட்டு வந்தோம்?" என்றார்.

ஷாகுல் ஹமீது அதைக் கேட்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீஹாவுடையது தவிர முப்பது போர்டும் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாம் அவர் அடித்தவை, அதில் பதினொன்று டாக்டர். கடையில் ஒவ்வொன்றாக அடித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது சேர்த்துப் பார்க்கிறார். அதே கோட்டு, பையில் அதே நீலப் பேனா, அதே வாட்ச். பதினோரு வாட்சிலும் மணி பத்து பத்து. கழுத்துக்கு மேலேதான் ஆள் வேறு.

அது அம்மாரின் உடம்பு. ஆறு வருஷமாகக் கடை முகப்பில் மழையிலும் வெயிலிலும் நிற்கிற அதே உடம்பு. அன்றைக்கு மகனுக்கு மாட்டியதை இன்றைக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மாட்டியிருக்கிறார்.

இசக்கிராஜின் மகள்தான் முதலில் போனாள். "டாக்டர் ஆகணும்னு ஏன் தோணுச்சு உனக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

அந்தப் பெண் போர்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கடைசியில் உண்மையைச் சொன்னாள்: "கடைக்கார அங்கிள்ட்ட அதுதான் இருந்துச்சு மிஸ்."

வகுப்பு சிரித்தது. இசக்கிராஜும் சிரித்தார். ஷாகுல் ஹமீதுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாரிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேட்டிருந்தால் அவனும் இதையேதான் சொல்லியிருப்பான்.

ஆறாவதாகப் பரீஹா வந்தாள். போர்வையைப் பிரித்தாள்.

அது அவர் கடைக் குப்பையிலிருந்து எடுத்த அட்டை. ஃப்ளெக்ஸ் சுருள் வருகிற பெட்டியை வெட்டி விரித்திருந்தாள். பேப்பரிலிருந்து கத்தரித்த படங்கள், பசை வழிந்த இடங்கள், மூலையில் காய்ந்த விரல் ரேகை. எந்தப் படத்திலும் அவள் முகம் இல்லை. அடியில் மட்டும் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு வரி: இன்ஷா அல்லாஹ்.

நஜ்முன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஃபர்ஸ்ட், ஸ்விம்மிங்" என்றாள் பரீஹா. "மழையில எங்க ரோட்டுல தண்ணி ஏறும்போது எனக்கு ரொம்ப பயம். அதனால இந்த வருஷம் நீச்சல் கத்துக்கணும்."

"அதுக்கு இந்த வாரம் என்ன செய்யப் போற?" என்றார் டீச்சர்.

"பக்கெட்ல மூஞ்சிய வச்சு மூச்சு அடக்குறேன் மிஸ். முப்பது வரைக்கும் வந்துட்டேன்."

அடுத்த படம், ஒரு வாரப் பத்திரிகையின் பக்கம். "எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அம்மா தொடர்கதை படிச்சு எனக்குச் சொல்லுவாங்க. முக்கியமான எடம் வந்தா அவங்க மட்டும் படிச்சிட்டு எனக்குச் சொல்லாம அழுவாங்க. அத நானே படிக்கணும். தினமும் அரைப் பக்கம் படிக்கேன்."

இந்த முறை பெற்றவர்கள் சிரித்தார்கள். நஜ்முன்னிசா மட்டும் கூரையைப் பார்த்தாள்.

"பெரிசாகி என்ன ஆகணுங்கற எடத்த காலியா விட்டிருக்கேன். இன்னும் தெரியல. தெரியும்போது ஒட்டுவேன்."

"நல்லது. இந்தக் கடைசிப் படம்?"

நாலு தட்டு. அதைக் கத்தரிக்கவில்லை, வரைந்திருந்தாள். விரித்த ஒரு பாய், அதைச் சுற்றி நாலு தட்டு. பரீஹா நாலாவது தட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது இந்த வருஷத்துக்குள்ள. எங்க வீட்டுல நாங்க நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்."

"இதுக்கு நீ என்ன செய்வ?"

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம அண்ணனுக்கு போன் பண்ணுதேன் மிஸ். ஆனா இதுல என் வேலை கொஞ்சந்தான். பாக்கி..." அங்கேயே நிறுத்திவிட்டாள்.

வகுப்பில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தாராவியில் யார் வீட்டு விஷயம் யாருக்குத் தெரியாது? எல்லோரும் ஷாகுல் ஹமீதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

அவருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. நான் கெட்டது நினைக்கவில்லை, அவன்தான் போனான், அவன்தான் பேசவில்லை. எல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் சட்டம் கேள்விக்குத்தான் இடம் கொடுத்திருந்தது. எழுந்து நின்றார்.

"பாக்கிக்கு அத்தா என்னம்மா செய்யணும்?"

பரீஹா நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த ஃப்ளெக்ஸக் கழட்டுங்கத்தா."

மாலை அசர் தொழுகை முடிந்து வந்ததும் எதிர்க்கடையில் ஏணி கேட்டார். பூலோகம் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு ஏணியோடு வந்து, அடியில் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரக் கழட்டப் போறீராவே?"

"அந்தப் பேர இனிமே சொல்லாதீரும் பூலோகம்."

"நான் சும்மா வெளையாட்டுக்குத்தான் பாய்..."

"நானும் வெளையாட்டுக்குத்தான் அடிச்சேன்."

பூலோகம் ஏணியை முன்னைவிட இறுக்கிப் பிடித்தார்.

கம்பிகள் துருவேறி இருந்தன. ஒவ்வொன்றாக நறுக்கி, படத்தைக் கீழே விட்டார். ஃப்ளெக்ஸைச் சுருட்டும்போது படம் வெளியே தெரிகிற மாதிரி சுருட்ட வேண்டும், உள்ளே வைத்துச் சுருட்டினால் மை வெடிக்கும். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாக அப்படியே சுருட்டியது. சுருட்டி முடித்து நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஃப்ளெக்ஸ் மறைத்திருந்த இடத்தில் பழைய தகரப் பலகை இருந்தது. மகன் பிறந்த வருஷம் கடை போட்டபோது பெயின்டரை வைத்து எழுதியது. மஞ்சளில் சிவப்பு எழுத்து: 'அம்மார் ஜெராக்ஸ்'. பெயருக்கு முன்னால் டாக்டரும் இல்லை, பின்னால் எம்.பி.பி.எஸ்.ஸும் இல்லை. வெறும் அம்மார்.

ஆறு வருஷம் வெயில் படாததால் நிறம் அதற்கு மேல் மங்கவில்லை. போனை எடுத்து அதை ஒரு படம் பிடித்தார். நாலு மாதமாகத் திறக்காத பெயரைத் திறந்தார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினார்.

வாட்ஸ்அப்பில் உடனே இரண்டு நீலக் குறி விழுந்தது, பார்த்துவிட்டான். பதில் இல்லை.

கால் மணி நேரம் போனது. அரை மணி நேரம் போனது. ஒருவர் ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தார்; ஷாகுல் ஹமீது காகிதத்தைத் தலைகீழாக வைத்து எடுத்துக் கொடுத்து, மறுபடி எடுத்தார். பரீஹா ஸ்டூலில் உட்கார்ந்து அந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஜ்முன்னிசா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போய்ச் சுடவைத்து மறுபடி கொண்டுவந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து போன் ஒரு தரம் அதிர்ந்தது. அம்மாரிடமிருந்து.

'அந்த ஃப்ளெக்ஸத் தூரப் போட்ராதீங்க. திருப்பிப் பாருங்க.'

சுருளைக் கடை நடுவில் போட்டுப் பிரித்தார்கள். டாக்டர் முகங்குப்புறப் படுத்தார். வெள்ளை முதுகுப் பக்கம் மேலே வந்தது.

மார்க்கரில் வரைந்த படங்கள். ஒரு மிக்ஸி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி. ஒரு மேசை ஃபேன். பக்கத்தில் ஒரு பெரிய மிஷின். அது இந்தக் கடையில் முதலில் இருந்த பிரிண்டர், தினம் தினம் காகிதம் சிக்கும் சனியன். எங்கே சிக்குகிறது என்று அதில் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருந்தது. ஃப்ளெக்ஸ் மாட்டுவதற்கு முந்தின நாள் பூராவும் இதே தரையில் விரித்துக் காயப்போட்டு, காய்ந்ததும் குப்புறத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அன்று பையன் இங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தான்.

அடியில் எழுத்து இருந்தது. அம்மார் தமிழ் மீடியத்தில் படித்தவன். ஷாகுல் ஹமீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார், மறுபடி கழற்றினார். எழுத்து ஒன்றும் நிலைத்து நிற்கவில்லை.

"நீ படிம்மா" என்றார்.

பரீஹா முட்டிபோட்டு உட்கார்ந்து, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டினாள்.

"இ... இதெல்லாம்... நானே... ரிப்பேர்... செய்வேன்." மூச்சு விட்டாள். "அத்தா... க-டைக்கு... அத்தா கடைக்குப் பக்கத்துல... என் கடை." அடுத்த வரியை அவள் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. தன் போர்டின் அடியில் அவளே எழுதிய வரிதான். "இன்ஷா அல்லாஹ். அம்மார், எட்டு பி."

பதினாலு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. அவன் முகப்பை அத்தாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தன் ஆசையை முதுகுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறான். ஆறு வருஷமாக அது பலகையைப் பார்த்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் இதே கடையில் இருந்திருக்கிறது. ஷாகுல் ஹமீது தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மகள் பார்க்கிறாளே என்று மறைக்கவும் இல்லை.

அழுது முடித்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, அழைத்தார். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான். மன்னிச்சிருல என்று ஒரு அத்தா மகனிடம் எப்படிச் சொல்வது? அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அப்போது டீச்சரின் சட்டம் ஞாபகம் வந்தது. கேள்விதானே, கேட்டுவிடலாம்.

"சாப்பிட்டியால?"

அந்தப் பக்கம் தடதடவென்று ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து அம்மாரின் குரல், கரகரத்து வந்தது.

"இன்னும் இல்லத்தா."

அவன் பின்னாலிருந்து ரயிலின் பெண் குரல் அடுத்த ஸ்டேஷனை நிதானமாக அறிவித்தது: "அக்லா ஸ்டேஷன், குர்லா."

இரைச்சல் கூடி, போன் துண்டித்துப்போனது.

குர்லாவில் இறங்கி வண்டி மாறினால் சயான், சயானிலிருந்து கடைக்கு நடந்தே வந்துவிடலாம். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் வேறு எங்கோ வேலைக்குப் போகிறான் என்று அர்த்தம். சனிக்கிழமை சாயங்காலமும் ஏசி பழுதாகத்தான் செய்யும்.

உள்ளே இருந்து நஜ்முன்னிசா வந்து நின்றாள். ஃப்ளெக்ஸின் முதுகைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, வாரானா?"

"வாரான்" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தரையில் கிடந்த அந்தக் கடைசி வரியின் மேல் கையை வைத்தார்.

"வருவான் நஜ்மு, இன்ஷா அல்லாஹ்."

அவள் திரும்பி உள்ளே போனாள். அடுக்களையில் தட்டுகளை இறக்கும் சத்தம் கேட்டது. கடையில் இருந்தபடியே பரீஹா ஒவ்வொன்றாக எண்ணினாள். நாலு.